நாலாவது வரப்பு

மூன்றாவது குடத்தைச் சாய்க்கும்போதுதான் அமிர்தவள்ளிக்கு அந்த நினைப்பு வந்தது. காலையிலிருந்து தளத்துக்கு யாரும் தண்ணீர் ஊற்றியிருக்கமாட்டார்கள்.

செத்துப்போன புருஷன் செங்கல்வராயனை வாசலில் பெஞ்சின்மேல் உட்காரவைத்து, இரண்டு பேர் தோளைப் பிடித்திருந்தார்கள். தண்ணீர் அவர் நெஞ்சில் இறங்கித் தெருவில் ஓடியது. விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினாள். நகக்கண்ணில் ஏறியிருந்த சிமிட்டி மட்டும் போகவில்லை.

“அழுதுடுடி. நெஞ்சு அடைச்சிக்கும்,” என்றாள் பக்கத்து வீட்டு மனோரமா.

அழத்தான் பார்த்தாள். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல, எங்கே தொட்டாலும் ஒன்றும் தெரியவில்லை.

பேரணாம்பட்டில் செங்கல்வராயன் மேஸ்திரி கை படாத வேலை கிடையாது. ரோடு, சாக்கடை, ஏரி மதகு, பள்ளிக்கூடத்துக் கூரை என்று இருபது வருஷம் ஓடிவிட்டது. “ரோடு போட்டா ரெண்டு மழைல போயிடுது. சாக்கடை கட்டினா மூக்கப் பொத்திக்கினு தாண்டிப் போறான். மதகு தண்ணிக்குள்ள கெடக்குது. பாலம்னா நிக்கும், அமிர்தம்,” என்பார். ஓவர்சீயர் ஒருமுறை அவரிடம் பழைய கதை சொன்னாராம். அந்தக் காலத்தில் ரோடு, பாலம், கோட்டை எல்லாமே பட்டாளத்துக்காரன் வேலை. சண்டைக்கில்லாமல் ஊர் ஜனங்களுக்காகக் கட்ட ஆரம்பித்தபோதுதான் அதற்கு சிவில் வேலை என்று பேர் வைத்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து மேஸ்திரிக்கு நடையே மாறிவிட்டது. “துப்பாக்கி இல்லாத பட்டாளம் வந்திருக்குது, சோறு போடணும்,” என்று அவள் கேலி செய்வாள்.

அவருக்கென்று ஒரு பாலம் வாய்க்க ஐம்பத்தெட்டாம் வருஷத்து மாசி மாதம் வரவேண்டியிருந்தது. ஊருக்கும் சுடுகாட்டுக்கும் நடுவே ஓடும் ஓடையில், இடிந்துபோன தரைப்பாலம் இருந்த இடத்தில், நேற்றுச் சாயங்காலம்தான் தளம் போட்டு முடித்தார். இன்று விடியற்காலையில், தளத்தைச் சுற்றிக் களிமண்ணால் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்தப் போனவர், குந்தின இடத்திலேயே சாய்ந்துவிட்டார்.

செத்த வீட்டில் யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? பாடை தயாரானதும் எந்த வழியாகப் போவது என்ற பேச்சு வந்தது. பாலத்தை விட்டால் ஓடையில் இறங்கித்தான் ஏறவேண்டும். ஓடை என்று பேர்தானே தவிர, ஓடுவது தோல் ஊறவைத்த கழிவுத் தண்ணீர், முழங்கால் ஆழத்துக்கு.

“எந் தம்பிய அந்தத் தோல் தண்ணியில எறக்கறதா?” என்றார் செத்தவரின் அண்ணன் கோவிந்தராஜ். “அவன் கட்டின பாலம். அவனே மொதல்ல போவட்டும்.”

கூட்டம் உச்சுக்கொட்டியது. பெண்கள் புதிதாக ஒரு பாட்டம் அழுதார்கள்.

“வேணாம் மாமா,” என்றாள் அமிர்தவள்ளி. “அது இன்னும் பாலம் ஆவலை.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள்.

“நேத்து சாயங்காலம் ஊத்தினது. இவ்ளோ ஜனம் மேளத்தோட ஏறி மிதிச்சா உள்ளுக்குள்ள விரிசல் விட்டுப்போயிடும். இன்னிக்குத் தெரியாது. நாளைக்கு பாரவண்டி போவும்போதுதான் தெரியும்.”

“நீ இன்னா எஞ்சினீயரா? புருசன் மானம் உனக்குப் பெருசில்லியா?”

அவளுக்கு மட்டும் ஆசை இல்லையா? அந்த நாற்றத்தில் அவரை இறக்க அவளுக்கு மட்டும் மனசு வருமா? அவள் தலை குனிந்துகொண்டாள். வேணாம் என்று சொன்னதை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

கோவிந்தராஜ், தளத்துக்குப் பலகையும் முட்டும் கொடுத்த தச்சர் மஹபூப் பாஷாவின் பக்கம் திரும்பினார். “பாஷா, நீ சொல்லு. தாங்குமா, தாங்காதா?”

“என் முட்டு தாங்கும்ணே. நூறு பேர் ஏறினாலும் தாங்கும்.” பாஷா தொண்டையைச் செருமிக்கொண்டார். “காங்கிரீட்டு தாங்காது. நாய்கூட ஏறக்கூடாதுன்னு நேத்து மேஸ்திரிதான் முள்ள வெட்டிப் போட்டாரு. அத எடுக்க எனக்குக் கை வராது.”

கோவிந்தராஜ் துண்டை உதறித் தோளில் போட்டார். “தூக்குங்கடா. ஓடையிலயே போங்க.”

பெண்கள் தெருமுனையோடு நின்றுவிட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் ஓடை தெரியும். கரையில் இறங்கியதும் மேளம் நின்றது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆட்கள் பழுப்புத் தண்ணீரில் கால் துழாவி நடந்தார்கள். நடுவில் ஒருவனுக்கு வழுக்கிப் பாடை ஒரு பக்கம் சாய்ந்தது. மாலை ஒன்று நழுவி நுரையோடு போயிற்று. கோவிந்தராஜ் பாய்ந்து, தம்பியின் தலைக்கு அடியில் கை கொடுத்தார். அக்கரை ஏறுகிறவரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை. மேளம் மறுபடி கேட்டது.

பெண்கள் தலைமுழுகத் திரும்பினார்கள். அமிர்தவள்ளி கிணற்றில் ஒரு குடம் இறைத்து இடுப்பில் வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள்.

“எங்கடி போற, இந்தக் கோலத்துல? தலை முழுவணும்டி!”

“ஊத்திட்டு வர்றேன். ஓடைத் தண்ணி ஆவாது. உப்பு. கம்பியத் தின்னுடும்.”

மனோரமா கிணற்றில் தண்ணீர் இறைத்தாள். பிறகு அவளும் ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு பின்னால் போனாள்.

வெயிலில் தளம் வெளுத்துக் கிடந்தது. மேலே கால் வைக்காமல், முள்ளை ஒதுக்கி, ஓரத்தில் நின்று அமிர்தவள்ளி தண்ணீரைச் சாய்த்தாள். மூன்று பக்கமும் வரப்பு இருந்தது. தண்ணீர் அங்கெல்லாம் முட்டித் திரும்பி, நாலாவது பக்கத்தில் ஒரு சாண் இடைவெளி வழியாக ஓடைக்குள் கொட்டிவிட்டது.

வரப்பு முடியாமல் நின்றுபோன இடத்தில் ஒரு களிமண் உருண்டை கிடந்தது. பாதி காய்ந்துவிட்டது. அதன்மேல் நான்கு விரல் பதிந்த பள்ளம், அடிப்பக்கம் கட்டைவிரல்.

சுற்றிலும் பார்த்தாள். எல்லாம் மணல். ஏரியிலிருந்து கூடையில் வந்த களிமண்ணில் மிச்சம் அது ஒன்றுதான்.

உருண்டையைக் கையில் எடுத்தாள். அந்தப் பள்ளங்களில் தன் விரல்களை வைத்துப் பார்த்தாள். இடம் மிச்சம் இருந்தது.

“அமிர்தம், வெயில் ஏறுது,” என்றாள் மனோரமா, மெல்ல.

அமிர்தவள்ளி அதன்மேல் தண்ணீர் தெளித்தாள். மண் இளகியது. இரண்டு கையாலும் பிசைந்தாள். இடைவெளியில் வைத்து அழுத்தி, ஓரத்தைத் தடவி மட்டம் செய்தாள்.

மனோரமாவின் குடத்துத் தண்ணீர் நாலு பக்கமும் முட்டி நின்றது.

“இன்னும் எத்தினி கொடம்?”

“ஒரு வெரக்கடை ஒசரத்துக்குத் தண்ணி நிக்கணும்.”

கிணற்றுக்குப் போய் வந்த மனோரமா அடுத்த குடத்தை நீட்டினாள். நகக்கண்ணில் ஏறியிருந்த களிமண்ணைக் கழுவாமல், அந்தக் கையாலேயே அமிர்தவள்ளி குடத்தை வாங்கினாள்.