ஃப்ளாப்பி வாயில் சந்தனம்

முதல் கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் எலிப்புழுக்கை என் மடியில் கொட்டியது. அதற்குப் பின்னால் பஞ்சு. சாதாரணப் பஞ்சா அது? மில் காற்றில் பறந்து, எண்ணெய்ப் பிசுக்கில் ஊறி, வருடக்கணக்காக ஃபேனுக்குள் போய் அடைந்து, கறுத்துக் கட்டிதட்டிப் போனது. விரலால் இழுத்தால் சாக்கடையிலிருந்து முடிக்கற்றை வருவதுபோல் நீளமாக வந்தது.

"சித்திகா டீச்சர், இதையெல்லாம் கொடுத்த புண்ணியவான் யாருங்க?" என்றேன்.

"வேலுமணி ஐயா மில்லுலருந்து வந்துச்சு கண்ணு. தானமா வந்த மாட்டப் பல்லப் புடிச்சுப் பாக்கக் கூடாதும்பாங்கல்ல?"

"பல்லு இருந்தாத்தானுங்க டீச்சர் புடிக்கறதுக்கு!"

பொய்யில்லை. ஆறு கம்ப்யூட்டரிலும் ஹார்ட் டிஸ்க்கை உருவி எடுத்துக்கொண்டுதான் தானம் செய்திருந்தார்கள். காந்திபுரத்தில் கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கடையில் நான் ரிப்பேர் பார்க்கிறேன். பெயர் இனியா. அந்த மில்லுக்குப் புதுக் கம்ப்யூட்டர் இறக்கியதே எங்கள் கடைதான். பழையதை எடைக்குப் போட்டால் பெயரா வரும்? பள்ளிக்கூடத்துக்குத் தள்ளிவிட்டால் பேப்பரில் போட்டோ வரும். கெட்டுப்போன குழம்பைப் பிச்சைக்காரன் தட்டில் ஊற்றிவிட்டு அன்னதானம் என்று நோட்டீஸ் அடிக்கிற புத்தி.

பள்ளிக்கூடம் உக்கடத்துப் பக்கம், பெண்கள் மட்டும் படிப்பது. 1999 ஜூனில் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் பிரிவு தொடங்க அனுமதி கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமை கல்வி அதிகாரி வந்து பார்ப்பார், ஆறும் ஓடினால் கையெழுத்து, இல்லாவிட்டால் பிரிவு கிடையாது. அதையே நம்பி இருந்தவள், அங்கே பத்தாவது முடித்த ஆஃப்ரின். கணக்கில் புலி. அவள் அப்பா ரசாக்குக்குக் கோட்டைமேட்டில் தையல்கடை. "இந்த ஸ்கூல்ல வந்தாப் படி. பஸ் ஏறி வேற ஸ்கூலுக்குப் போற சோலியெல்லாம் வேண்டாம், ஊட்ல உக்காந்து காஜா எடு" என்று முடித்துவிட்டார். காஜா எடுக்கும் ஊசியை ஏற்கெனவே அவள் கையில் கொடுத்தும் விட்டார்கள் என்று சித்திகா டீச்சர் சொன்னார்.

விண்டோஸ் 95 அந்தப் பெட்டிகளில் ஏறாது. கிழட்டு மாட்டின் முதுகில் பஸ்ஸை ஏற்றுவது மாதிரி. எனக்கு ஒரு பத்திரிகையோடு வந்த சிடியில், விண்டோஸுக்குப் பதிலாக ஓட்டக்கூடிய லினக்ஸ் கிடைத்திருந்தது. அதில் ஒன்று ஒரே ஒரு ஃப்ளாப்பிக்குள் அடங்கிவிடும் சின்ன லினக்ஸ். ஹார்ட் டிஸ்க்கே வேண்டாம். ஃப்ளாப்பியைப் போட்டு ஆன் செய்தால் மொத்தமும் மெமரியில் ஏறிக்கொள்ளும். பிறகு ஃப்ளாப்பியை வெளியே எடுத்துவிடலாம், ஆஃப் செய்கிற வரைக்கும் அது பாட்டுக்கு ஓடும். படம் கிடம் கிடையாது, கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துதான். படிக்க வருகிறவளுக்கு அது போதும்.

ஆசையோடு ஃப்ளாப்பியைச் செருகினேன். கரகரவென்று எலும்பைக் கடிக்கும் சத்தம். வெளியே இழுத்தால் ஃப்ளாப்பியில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். சந்தனம்! ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் மில்லில் பெட்டிக்குப் பொட்டு வைத்திருக்கிறார்கள். வைத்தது சரி, எங்கே வைத்தார்கள்? முன்பக்கம் நடுவில் ஃப்ளாப்பி செருக வாய் மாதிரி ஒரு பிளவு இருக்கிறதே, அங்கே. சந்தனம், அதன்மேல் குங்குமம், அடுத்த வருடம் அதன்மேல் இன்னொரு சந்தனம். ஆறிலும் இதே கதைதான்.

எனக்குப் பூசையோடு சண்டை இல்லை. என் அம்மா மாசாணியம்மாள் ஆனைமலையில் கதிரறுக்கப் போகிறவள். அவளும் அரிவாளுக்குப் பொட்டு வைப்பாள், பிடியில். "வாயில வெச்சா அப்பறம் அது எதுக்காகும்?" என்பாள். கும்பிடுவதற்கும் கொஞ்சம் அறிவு வேண்டியிருக்கிறது.

ஸ்பிரிட்டும் பழைய பல் பிரஷும் வைத்துக்கொண்டு ஆறு ஃப்ளாப்பி ட்ரைவையும் சுரண்டினேன். எலி மூத்திரம், சந்தனம், ஸ்பிரிட் மூன்றும் கலந்த வாடை என் விரலை விட்டுப் போகவே இல்லை. சோறு பிசைந்து வாய்க்குக் கொண்டுபோனால் அந்த நாற்றம்தான் முதலில் வந்தது. இரண்டு நாள் ஸ்பூனில் தின்றேன்.

சனிக்கிழமை ஆறும் ஓடிவிட்டன. ஆஃப்ரின் வந்து எட்டிப் பார்த்தாள். "டைப் பண்ணு" என்றேன். தன் பெயரை அடித்தாள். அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று திரை பதில் சொன்னது.

"ஏனுங்க்கா, என்னைய யாருன்னே தெரியாதுங்குது!" என்று சிரித்தாள்.

பிறகு கணக்குப் போட்டுக் காட்டினேன். அவ்வளவுதான், நாற்காலியை விட்டு எழவே மாட்டேன் என்றாள்.

தலைமையாசிரியை மாரியாத்தாளிடம் அன்றே படித்துப் படித்துச் சொன்னேன். "பொட்டு வெக்கறதுன்னா மேல வையுங்க, பக்கத்துல வையுங்க. இந்த வாயில மட்டும் வேண்டாங்க மேடம்."

"அதெல்லாம் நாம் பாத்துக்கறனுங்க அம்மணி" என்றார். பார்த்துக்கொண்ட லட்சணம் திங்கட்கிழமை தெரிந்தது.

அன்று நேரமே போய் ஆறையும் லினக்ஸில் ஓடவிட்டு, ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு, டீ குடிக்கத்தான் போனேன். திரும்பி வந்தால் மில் ஆட்கள் நல்ல நேரம் பார்த்துப் பூசையை முடித்திருந்தார்கள். ஆறு வாயிலும் ஈரச் சந்தனம், கட்டை விரலால் அழுத்தி உள்ளே தள்ளியது. மேலே குங்குமம் வேறு. சீ என்று வாய்விட்டே சொன்னேன். ஒருத்தர்கூடத் திரும்பவில்லை.

"இப்ப ஓடிட்டுத்தான் இருக்குது டீச்சர், மெமரில இருக்குது. யாரும் ஆஃப் பண்ணாமப் பாத்துக்கங்க. பண்ணுனா மறுக்கா எந்திரிக்காது" என்று சித்திகா டீச்சரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

விழா தொடங்கியது. மில் முதலாளி வேலுமணி பேசினார். பேசினார். பேசிக்கொண்டே இருந்தார். தறிக்குப் போகிற வீட்டுப் பெண்ணெல்லாம் தன்னால் அமெரிக்கா போகப் போவதாகச் சொன்னார். அதிகாரி மாலையைக் கழற்றாமல் தூங்கி வழிந்தார். கொஞ்ச நேரம் யாரும் தொடாவிட்டால் லினக்ஸ் தானாகத் திரையை இருட்டாக்கிக்கொள்ளும். ஒவ்வொரு திரையாக இருண்டது. கடைசிப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த ஆஃப்ரின் மட்டும் அவ்வப்போது ஒரு விசையைத் தட்டி அதை விழிக்க வைத்திருந்தாள்.

"இப்ப ஐயா கம்ப்யூட்டர இயக்கித் தொடங்கி வெப்பாங்க" என்றார் மாரியாத்தாள்.

நான் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடுவதற்குள் வேலுமணி முதல் பெட்டியின் சுவிட்சை அமுக்கிவிட்டார். இருட்டுத் திரை இருட்டாகவே இருந்தது. ஓடிக்கொண்டிருந்ததை அணைத்துவிட்டார் என்பது அந்த அறையில் மூன்று பேருக்குத்தான் தெரியும்.

"இன்னொருக்கா அமுத்துங்கய்யா, போட்டோவுல சரியா உழுகல" என்றார் போட்டோக்காரர்.

மறுபடி அமுக்கினார். பெட்டி கீச்சென்று கத்தியது. டிஸ்க் இல்லை, டிஸ்க்கைப் போடு என்று திரையில் ஆங்கிலத்தில் எழுத்து வந்தது. எழுத்தைப் பார்த்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். அதிகாரியும் விழித்துக்கொண்டு தட்டினார். செத்த பிணத்தின் வாயில் சந்தனம் பூசிவிட்டு, குழந்தை பிறந்தது என்று மிட்டாய் கொடுக்கிற கூட்டம். அதே மாதிரி அமுக்கி அமுக்கி ஐந்தையும் கொன்றுவிட்டு, வேலுமணி கடைசிப் பெட்டிக்கு வந்தார்.

ஆஃப்ரின் உள்ளங்கையால் சுவிட்சை மூடிக்கொண்டாள்.

"இது ஓடிட்டு இருக்குதுங்கய்யா. தொட்டா நின்னு போயிருமுங்க."

"ஓடுனா நல்லதுதான் பாப்பா. நான் தொடங்கி வெக்கோணுமல்ல?"

அவள் கையை எடுக்கவில்லை. மாரியாத்தாள் கண்ணாலேயே அவளைச் சுட்டார். நல்லவேளை, அதிகாரிக்குப் பசித்தது. "நேரமாச்சுங்க" என்று எழுந்தார். எல்லோரும் பக்கத்து அறையில் இலை போட்டிருந்த இடத்துக்குப் போனார்கள்.

என் பையில், எதற்கும் இருக்கட்டும் என்று கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு புது ஃப்ளாப்பி ட்ரைவ் இருந்தது. கொங்கு நாட்டுப் பந்தியில் உட்கார்ந்தவன் சீக்கிரம் எழமுடியாது, வேண்டாம் என்றாலும் வைப்பார்கள். அந்த நேரம் போதும். முதல் பெட்டியைத் திறந்து புது ட்ரைவை மாட்டி, லினக்ஸை ஏற்றி, பெட்டி ஓடும்போதே ட்ரைவைக் கழற்றி அடுத்ததில் மாட்டினேன். சித்திகா டீச்சர் மூடிகளைக் கழற்றித் தந்தார். ஆஃப்ரின் அறை முழுக்க ஓடி ஓடி விசைகளைத் தட்டி, ஒரு திரையும் இருண்டுவிடாமல் காத்தாள். ஐந்தாவதும் எழுந்தபோது எனக்கு வியர்வையில் ரவிக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. ஆறும் ஓடுகிறது. வரட்டும், அதிகாரி வந்து பார்க்கட்டும்.

மாரியாத்தாள்தான் வந்தார். வாயெல்லாம் வெற்றிலை.

"கையெழுத்துப் போட்டுட்டாருங்க!" என்றார். "பாயசம் ஊத்தறப்பவே போட்டுட்டாரு. ஐயாவே குடுத்த கம்ப்யூட்டரு, அதுல என்ன பாக்கறதுன்னுட்டாரு. கார்ல ஏறிப் போயாச்சு."

சித்திகா டீச்சர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பிரிவு வந்துவிட்டது, ஆஃப்ரினுக்குப் படிப்பு கிடைத்துவிட்டது. ஆனால் என் விரலில் இருந்த நாற்றம் இப்போது உடம்பு முழுக்க ஏறிக்கொண்ட மாதிரி இருந்தது. ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, அந்த ஆளுக்குப் பாயசம் இனித்தால் போதும்.

"அப்ப நான் கைய வெச்சு மறைச்சது எதுக்குங்க்கா?" என்று ஆஃப்ரின் கேட்டாள்.

அதற்குள் மாரியாத்தாள் சாவியோடு கதவுப் பக்கம் போனார். "சரி சரி, எல்லாரும் கெளம்புங்க. தூசி படும், மெயினை ஆஃப் பண்ணிப் பூட்டிப்போடறேன். ஸ்கூல் தொறக்கட்டும், பாத்துக்கலாம்."

ஆஃப்ரின் அவருக்கு முன்னால் போய், மெயின் சுவிட்ச் மேல் உள்ளங்கையை வைத்து மூடினாள்.

"இருங்க மேடம்," என்றாள். "யாருமே இன்னும் பாக்கலீங்க. நான் பாத்துக்கறேன்."