கூரை அறுத்த கமாரோ

எங்கள் பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. காரின் கூரையை அறுக்கும்போது முதல் வெட்டைச் சொந்தக்காரர்தான் போட வேண்டும். இதைக் கொண்டுவந்தவர் முதலாளி கஸ். முன்பு ஒரு பல் டாக்டர், கூரை போன தன் ஃபயர்பேர்டு காரைப் பார்த்ததும் நடுப்பட்டறையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். கூரையைத் திரும்ப ஒட்டித் தரச் சொல்லி மறுவாரம் வக்கீலோடு வந்து நின்றார். அன்றிலிருந்து கஸ் ரம்பத்தை வாடிக்கையாளர் கையில் கொடுத்துவிடுவார். "அறுத்தது நீ. இனி எங்கிட்ட வந்து மூக்கச் சிந்தாத" என்பார்.

பட்டறை நியூபோர்ட்டில், ஓஹையோ ஆற்றுக்குக் கென்டக்கி மாநிலப் பக்கம் இருக்கிறது. வருடத்தில் ஐந்து மாதம் குளிரில் பல் கிட்டிக்கும் ஊர். இங்கே திறந்த கார் வேண்டுமென்று வருகிறவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். ஆனால் அந்தச் சிரிப்பில்தான் என் சோறு இருக்கிறது. கஸ்ஸும் ஆட்களும் இரும்புக் கூரையை எடுப்பார்கள். நான் அந்த இடத்துக்குத் துணிக்கூரை தைத்து மாட்டுவேன். என் பெயர் நார்மா. தையலும் நீளம், வாயும் நீளம் என்று கஸ் சொல்லிக்கொண்டு திரிவார்.

ஹார்லன் ஸ்டிடம் எண்பத்தெட்டாம் வருடம் மார்ச்சில் வந்தார். குள்ளமான மனிதர், மலைப்பக்கத்துப் பேச்சு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் நார்வுட் ஆலையில் கமாரோ கார்களுக்குக் கூரை வெல்டு வைத்துக்கொண்டிருந்தவர். போன ஆகஸ்டில் ஆலையை மூடியதும் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். அவர் ஓட்டி வந்ததும் ஒரு கமாரோதான், கத்தரிப்பூ நிறம்.

கஸ்ஸுக்கு இப்படி ஓர் ஆள் கிடைத்தால் போதாதா? "ஏம்ப்பா, காலம் பூரா கூரை ஒட்டின ஆளு நீ. இப்ப அறுக்க வந்திருக்கியா? செஞ்ச பாவத்துக்குப் பரிகாரமா?"

"ஒட்டினவனுக்குத்தானே எங்க புடிச்சிருக்குன்னு தெரியும்" என்றார் ஹார்லன். சிரிக்கவில்லை. "இது என் பையன் டேரலோட கார். இது ஆலை லைன்ல வந்த அன்னிக்கு நான்தான் கூரை வச்சேன். அவன் இப்ப இல்ல. ரெண்டு கோடைக்கு முன்னாடி ஆத்துல போயிட்டான்."

கஸ்ஸின் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. ஹார்லன் பேச்சை மாற்றுவதுபோல அவசரமாகச் சொன்னார், "என் பொண்டாட்டி வெர்னாவுக்கு ஏப்ரல் கடைசியில பிறந்தநாள். அதுக்குள்ள முடியணும். அவளுக்குத் தெரியாது. கார் ரிப்பேருக்குப் போயிருக்குன்னு சொல்லியிருக்கேன்."

எனக்குச் சுருக்கென்றது. மனைவிக்குத் தெரியாமல் மனைவிக்காக ஆண்கள் செய்கிற காரியங்களில் பாதிக்கு மேல் வீணாய்ப் போனதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்காரர் ஒருமுறை இப்படித்தான் படகு வாங்கினார். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த மனிதரிடம் இதையெல்லாம் எப்படிச் சொல்வது? வாயை மூடிக்கொண்டேன். அது எனக்கு அபூர்வம்.

இரும்பை அறுத்தால் தீப்பொறி பறக்கும். அதனால் முதலில் உள்ளே இருக்கும் துணி, அட்டை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். ஹார்லனும் கூடவே நின்று கழற்றினார். வேலையில்லாத மனிதர், எங்கே போவார்? இருக்கைகளை அவர் பார்த்துக்கொண்டார். கூரையின் உட்பக்கத்துச் சாம்பல் நிறத் துணி அட்டையை நான் இறக்கினேன். ஓட்டுநர் தலைக்கு நேர்மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுத்த கறை இருந்தது.

"என்னங்க இது, இங்க மட்டும் இப்படி எண்ணெய் ஏறியிருக்கு?" என்று கேட்டேன்.

"அவன் ஆறடி நாலு அங்குலம். தலை முட்டும். முடிக்கு என்னத்தையோ டப்பா டப்பாவா அப்பிக்குவான்."

"உயரத்துல உங்கள உரிச்சு வைக்கல போல."

"அவங்கம்மா பக்கத்து ஆளுங்க எல்லாம் பனைமரம்" என்றார். அன்று அவர் முகத்தில் சிரிப்பு போல ஒன்று வந்தது அப்போது மட்டும்தான். பிறகு அட்டையை என் கையிலிருந்து வாங்கி, முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்து, குளிருக்காக நாங்கள் எரித்துக்கொண்டிருந்த பீப்பாய் அடுப்பில் போட்டார். குப்பை அட்டையெல்லாம் அதில்தான் போகும், அது எங்கள் வழக்கம். துணி சுருண்டு எரிந்து முடியும்வரை அவர் அடுப்பைவிட்டு நகரவில்லை. குளிர் காய்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் கதவு வாசல்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களை வைத்துப் பற்றவைத்தோம். கூரை என்பது தலைக்கு மேல் மூடி மட்டும் இல்லை. காரை இரண்டு முனையிலும் பிடித்து நிறுத்துவதே அதுதான். முட்டுக் கொடுக்காமல் அறுத்தால் கார் நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவைச் சாத்த முடியாது. ஹார்லனுக்கு அதைச் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ரம்பத்தை வாங்கி முதல் வெட்டைப் போட்டார். கஸ் போதும் என்று சைகை காட்டியும் நிறுத்தவில்லை. கூரையைத் தாங்கும் எல்லாத் தூண்களையும் அவரே அறுத்தார். நாலு பேர் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

பிறகு அடிப்பக்கம் முழுக்க இரும்புப் பட்டை கொடுத்துப் பலப்படுத்தினார்கள். நான் வெள்ளைத் துணியில் கூரை தைத்தேன். என் வேலையை நானே புகழக்கூடாது, ஆனால் அந்தக் கூரை பிசிறில்லாமல் வந்தது. பின்கண்ணாடிச் சுற்றில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

பிறந்தநாளன்று ஹார்லன் தன் டிரக்கில் வெர்னாவை அழைத்து வந்தார். அவரைவிட ஒரு தலை உயரம். நீலக் கம்பளிச் சட்டை, கைப்பையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். "ரிப்பேர் முடிஞ்சுதா?" என்றுதான் முதலில் கேட்டாள். பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிப்போக வந்தவள் கேட்பதுபோல இருந்தது.

கஸ் போர்வையை உருவினார். துணிக்கூரை மூடியே இருந்தது. வெர்னா கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தாள். பழகிய இடத்தில் உட்காருகிற மாதிரி. இடது கையைத் தூக்கி, ஓட்டுநர் தலைக்கு நேர்மேலே என் வெள்ளைத் துணியைத் தொட்டாள். பார்க்காமலேயே கை அந்த இடத்துக்குப் போனது.

கறை இருந்த இடம் அது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஹார்லனுக்கு ஒன்றும் புரியவில்லை. முகமெல்லாம் வெளிச்சமாக, "இரு, இரு, இனிமேதான் வேடிக்கை" என்று உள்ளே குனிந்து பொத்தானை அழுத்தினார். துணிக்கூரை மெல்ல எழும்பிப் பின்னால் மடிந்து போனது. வெர்னாவின் கை மட்டும் காற்றில் அப்படியே நின்றது.

"பழசு எங்க, ஹார்லன்?"

"கூரையா? பின்னாடி சாத்தி வச்சிருக்காங்க."

"இரும்பக் கேக்கல. உள்ள இருந்த துணி."

ஹார்லன் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன்? கஸ் திருப்புளியைத் தேடுகிற சாக்கில் உள்ளறைக்குப் போய்விட்டார். ஆறடி மனிதர், அழுகை என்றால் ஓடிவிடுவார்.

"எரிச்சுட்டேன்" என்றார் ஹார்லன்.

வெர்னா கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "கூரை நீ வச்சது. நீ எடுத்துக்கிட்ட, சரி. அந்தக் கறை அவன் வச்சது. அத எதுக்கு எடுத்த?"

"வெர்னா..."

"அவன் சட்டையெல்லாம் தொவச்சாச்சு. தலகாணி உறையும் தொவச்சாச்சு. சாவுக்கு வந்த உங்கக்கா வீட்டச் சுத்தம் பண்றேன்னு எல்லாத்தையும் தொவச்சுட்டுப் போனா. அவன் உடம்பு பட்டதுன்னு அது ஒண்ணுதான் இருந்துச்சு."

ஹார்லன் கதவைப் பிடித்துக்கொண்டார். "நீ தினம் வீட்டு கராஜுக்குள்ள போயி, கதவ அடைச்சுக்கிட்டு இதுல உக்காருவ. நான் சமையல்கட்டு ஜன்னல்ல நிப்பேன். தினமும்தான். நீ திரும்பி வர்ற வரைக்கும் நிப்பேன். ஒரு நாள் போகும்போது பார்த்தேன், சாவி உன் கையில இருந்துச்சு."

வெர்னா மடியிலிருந்த தன் கைகளைக் குனிந்து பார்த்தாள்.

"அடைச்ச கராஜுல எஞ்சினப் போட்டா புகையில மூச்சு அடங்கிரும்னு எனக்குத் தெரியாதா? விக்கலாம்னு சொன்னா நீ விட மாட்ட. பூட்டு போட்டா உடைப்ப. எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு? கூரை வைக்கத் தெரியும், அவ்வளவுதான். அத எடுத்துட்டா நீ வெளிச்சத்துக்கு வந்துருவன்னு நெனச்சேன். அந்தக் கறையப் பாத்துப் பாத்துதான் நீ இப்படி ஆகுறன்னு நெனச்சேன்."

அவர் அடுப்பருகே நின்றது குளிருக்காக இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"சாவிய எடுத்துட்டுப் போனேன்" என்றாள் வெர்னா. "பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாள் இல்ல, பல நாள். சாவித் துவாரத்துல மாட்டிக்கூட வச்சிருக்கேன்."

ஹார்லன் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒவ்வொரு தடவையும் தலையத் தூக்கி அதப் பார்ப்பேன். அவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவுல தலைய முட்டிக்கிட்டு, 'அம்மா, திங்க என்ன இருக்கு'ன்னு கேப்பானே, அது ஞாபகம் வரும். அடுப்புல ஏதாவது வைக்கணுமேன்னு எந்திரிச்சு வந்துருவேன். வந்து உனக்கு ஆக்கிப் போடுவேன். நீ சாப்பிட்டதெல்லாம் அதுதான், ஹார்லன். அந்தக் கறைதான் என்னத் திருப்பி அனுப்பிச்சுது."

ஹார்லன் அப்படியே பட்டறைத் தரையில், எண்ணெயும் இரும்புத்தூளும் கிடந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதர்மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரு வார்த்தை அவளிடம் கேட்டிருக்கலாமே! இத்தனை நாள் ஜன்னலில் நின்றவர், பத்தடி நடந்து கதவைத் தட்டியிருக்கலாமே! ஆனால் அவர் அழுவதைப் பார்க்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமே வராமல் அழுதார். எனக்கும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் தைத்த அந்த வெள்ளைத் துணியைக் கிழித்துப் போடலாம் போல இருந்தது.

வெர்னா காரிலிருந்து இறங்கிச் சுற்றி வந்தாள். அவர் முன்னால் கையை நீட்டினாள். "சாவியக் குடு."

"மாட்டேன்."

"குடு, ஹார்லன்."

"என்னக் கொன்னாலும் குடுக்க மாட்டேன்."

"மேல வானம் தெரியுது. கூரைதான் இல்லையே. நீயும் பக்கத்துல உக்காரப் போற, இதுல நான் என்ன பண்ணிக்க முடியும்? குடு, வீட்டுக்குப் போவோம்."

அவர் விரல்களை அவளே ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாவியை எடுத்தாள். ஓட்டுநர் இருக்கையில் அதுவரை அவள் உட்கார்ந்ததே இல்லை என்று அவள் தயங்கிய விதத்தில் தெரிந்தது. ஏறி உட்கார்ந்து காலை நீட்டினாள். அவ்வளவு உயரமானவளுக்கே பாதம் பெடலுக்கு எட்டவில்லை. குனிந்து பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"சீட்டு இவ்வளவு பின்னாடி கெடக்கு. உன் காலுக்கு நீ எப்படி இத ஓட்டிட்டு வந்த?"

ஹார்லன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். "நுனியில உக்காந்துதான். ஸ்டீயரிங்கப் புடிச்சுத் தொங்கிக்கிட்டே வந்தேன்."

"ஏன், இழுத்துப் போட்டுக்க வேண்டியதுதானே?"

"அது அவன் வச்ச இடம்" என்றார். "இங்க கழட்டினப்பவும் வேற யாரையும் தொட விடல. கோடு கிழிச்சு வச்சுத் திரும்ப அதே இடத்துல மாட்டினேன். எனக்கும் மனசு வரல, வெர்னா."

 இருக்கைக்கு அடியில் ஒரு கைப்பிடி இருந்தது. இழுத்தால் இருக்கை முன்னால் வந்துவிடும். அவள் கை அங்கே போய்த் திரும்பி வந்தது. பிறகு முதுகை எடுத்து, இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து, பெடலில் கால் வைத்தாள்.

"எந்திரி. பேன்ட்ல இரும்புத்தூள் ஒட்டியிருக்கு, தட்டிக்கிட்டு ஏறு."

ஹார்லன் எழுந்து, சொன்னபடி தட்டிக்கொண்டு, பக்கத்து இருக்கையில் ஏறினார். டிரக் எங்கள் வாசலிலேயே நின்றது. ஏப்ரல் கடைசி என்றாலும் ஆற்றுக் காற்று எலும்பைத் துளைத்தது. கூரையை மூடச் சொல்லி நான் கத்தினேன். இருவரும் திரும்பவில்லை. டேரலை எடுத்துக்கொண்ட ஆற்றின் மேல்தான் அவர்கள் வீட்டுக்குப் பாலம். கார் அதில் ஏறுவதை வாசலில் நின்று பார்த்தேன். பின்னாலிருந்து பார்க்கையில் ஓட்டுநர் இருக்கையின் முதுகு காலியாகத் தெரிந்தது. அவள் அதற்கு ரொம்ப முன்னால், நுனியில் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனாள்.