நாற்பத்தொன்பது பேர்

எம்.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டின் தொடக்கத்தில், ஆய்வுத் தலைப்பு கேட்டு அனுசுயா பொன்னுராஜ் சாரின் அறைக்குப் போனபோது அவர் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப வேண்டிய ஏதோ ஓர் அறிக்கையைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "தலைப்ப நான் குடுத்தா அது என்னோட ஆராய்ச்சிம்மா. பி.ஜி.ன்னா நீங்களாத் தேடிப் படிக்கணும். ஒரு கேள்வியோட வாங்க."

அனுசுயா மார்க்கையன்கோட்டைக்காரி. பள்ளியிலும் பி.ஏ.விலும் முதல் மூன்று இடங்களுக்குள் வந்தவள். ஒரு பாடத்தை இரண்டு தடவை எழுதிப் பார்த்தால் பரீட்சைத் தாளில் அப்படியே இறக்கிவிடுவாள். ஆனால் கேள்வியே இல்லாத இடத்தில் எப்படித் தொடங்குவது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை. மூன்று வாரம் நூலகத்தில் பழைய ஆய்வேடுகளைப் புரட்டினாள். ஊர்ப் பெயர்தான் மாறியிருந்தது. மற்றதெல்லாம் ஒன்றுபோலவே இருந்தது.

கம்பத்தில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு சுவரொட்டியைப் பார்த்தாள். திராட்சை விவசாயிகளுக்கு மருந்து தெளிப்பில் பாதுகாப்புப் பயிற்சி என்றிருந்தது. அந்தப் பயிற்சியால் உடம்புக்கு வரும் பாதிப்பு குறைகிறதா? இதையே கேள்வியாக எழுதிக்கொண்டு போனாள். பொன்னுராஜ் சார் படித்துவிட்டு, "நல்லாருக்கு. எம்பது பேரைப் பாருங்க" என்றார். அதற்குப் பிறகு அவரைப் பிடிப்பதே கஷ்டமாகிவிட்டது. அவர் பொறுப்பில் பதினான்கு மாணவர்கள் இருந்தார்கள்.

சுருளிப்பட்டிக்கும் கம்பத்துக்குமாக ஒன்பது நாள் அலைந்தாள். சிலர் உட்காரவைத்துப் பேசினார்கள். சிலர் அரசாங்கத்துப் பெண் என்று நினைத்து மானியம் எப்போது வரும் என்று கேட்டார்கள். பலர் "நாளைக்கு வாத்தா" என்றார்கள். முப்பத்தொரு படிவம் சேர்ந்தது. அதற்கு மேல் நகரவில்லை.

வகுப்புத் தோழி ஜான்சிதான் வழி சொன்னாள். "நீ ஒருத்திதான் வெயில்ல அலையுற. நாங்க எல்லாம் வீட்ல உக்காந்தே படிவத்த நெரப்பிட்டோம். நாலு பேனாவ மாத்தி மாத்தி எழுது, போதும்."

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளின் பகல் பொழுதில் அனுசுயா நாற்பத்தொன்பது பேரை உண்டாக்கினாள். அவர்களுக்குப் பெயர் வைத்தாள், வயது போட்டாள், எத்தனை ஏக்கர் என்று எழுதினாள். பயிற்சிக்குப் போனவர்களுக்கு முகமூடியும் கையுறையும் கொடுத்தாள். போகாதவர்களுக்குக் கண் எரிச்சலும் தலைசுற்றலும் கொடுத்தாள். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாக அப்படித்தான் எழுதியது.

கணினியில் ஏற்றியதும் அட்டவணைகள் அழகாக வந்து விழுந்தன. பயிற்சி பெற்றவர்களிடம் பாதிப்பு பாதிக்கும் கீழே. பொன்னுராஜ் சார் முதல் முறையாக அவளை நாற்காலியில் உட்காரச் சொன்னார்.

"இது கட்டுரையாவே போகும்மா. உங்க பேரு, எம்பேரு ரெண்டும் போடுவோம். சுருக்கத்த ஒரு ஆய்விதழுக்கு இன்னைக்கே அனுப்பிடறேன். தோட்டத்துல நாலு போட்டோ மட்டும் எடுத்துட்டு வாங்க."

போட்டோ எடுக்கப் போனது சுருளிப்பட்டியில் ஈஸ்வரபாண்டியின் தோட்டத்துக்கு. முப்பத்தொரு பேரில் அவரும் ஒருவர், பயிற்சிக்குப் போனவர். முகமூடி போட்டுக்கொண்டு ஒரு படத்துக்கு நிற்க முடியுமா என்று கேட்டாள். அவர் சிரித்தார். "குடுத்தாக. வண்டிப் பொட்டிக்குள்ள கெடக்கும். அதப் போட்டா மூச்சு முட்டுது."

"அப்ப பயிற்சிக்கு அப்புறம் கண்ணு எரியலன்னு சொன்னீங்களே?"

"நான் எங்கன தெளிக்கிறேன்? அதுக்கு ஆள் இருக்கு. தெளிச்ச பெறகு நான் நாலு நாளைக்குப் பந்தலுக்குள்ளயே போறதில்ல."

பந்தலுக்குள் பெண்கள் கொடி கட்டிக்கொண்டிருந்தார்கள். இலைகளில் மருந்து வெள்ளை வெள்ளையாகக் காய்ந்திருந்தது. தலைக்கு மேலே கையைத் தூக்கித்தான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். கட்டக் கட்ட முகத்தில் உதிர்ந்தது. நாற்பது வயதிருக்கும் ஒருத்தி, பெயர் மாயக்காள், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அன்னைக்கும் வந்தேல்ல நீ? மொதலாளிகிட்ட என்னமோ எழுதிக்கிட்டு இருந்த."

"ஆமாக்கா. மருந்தால யாருக்கு என்ன ஆகுதுன்னு படிக்கிறேன்."

மாயக்காள் இரண்டு கைகளையும் நீட்டினாள். விரலிடுக்கில் தோல் உரிந்து சிவந்திருந்தது. "அப்ப எங்கள எங்கன எழுதியிருக்க?"

அனுசுயா பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். அவள் படிவத்தில் இருபத்தாறு கேள்விகள். எத்தனை தடவை தெளிப்பீர்கள் என்று ஒன்று இருந்தது. தெளிப்பவர் யார், மறுநாள் உள்ளே போகிறவர் யார் என்று இல்லை. வீட்டில் உட்கார்ந்து எழுதிய நாற்பத்தொன்பது பேரில் ஒருத்திகூடக் கூலிக்கு வந்த பெண் இல்லை.

மறுநாள் பொன்னுராஜ் சாரின் அறைக்கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"ஜான்சிக்குத் தெரியும் சார்."

"சுருக்கம் ஏத்துக்கிட்டாங்க. என் பதவி உயர்வுக்கு இந்த வருஷம் ஒரு கட்டுரை குறையுது. நீங்க மட்டுமா இப்படிப் பண்றீங்க? விட்டுருங்கம்மா."

"என் பேர எடுத்துருங்க சார். அந்த நாப்பத்தொம்பதையும் எடுத்துருங்க. நான் வேற மாதிரி பண்றேன்."

"அப்படின்னா நீங்களாப் பண்ணிக்கிடுங்க" என்றார் அவர். வருடத் தொடக்கத்தில் சொன்ன அதே வார்த்தைதான். இப்போது அதற்குப் பொருள் வேறாக இருந்தது.

ஆய்வேடு கொடுக்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. நாற்பத்தொன்பது படிவங்களையும் தனியே எடுத்து வைத்தாள். மிச்சத்தைக் கணக்கிட்டபோது அட்டவணைகள் சரிந்துவிட்டன. பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அன்று சாப்பிட முடியவில்லை. வீட்டில் கேட்டதற்குத் தலைவலி என்றாள். எழுந்து புதிதாகப் பத்துக் கேள்வி எழுதி, காலை முதல் பஸ்ஸில் சுருளிப்பட்டிக்குப் போனாள். பெண்கள் வேலைக்குப் போகும்முன் டீக்கடை ஓரத்தில் நிற்கும் அரைமணி நேரம்தான் கிடைத்தது. மாயக்காள் முதல் இரண்டு நாள் வாயே திறக்கவில்லை. "பேரு போட்டா வேலைக்குக் கூப்பிட மாட்டாக" என்றாள். பெயரில்லாமல் எண் மட்டும் போடுவதாக அனுசுயா காட்டிய பிறகு பேசினாள். இன்னும் சிலரை அழைத்தும் வந்தாள். இருபத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். சில கேள்விகளுக்கு அவர்களிடம் பதில் இல்லை. அந்தக் கட்டங்களை வெறுமையாகவே விட்டாள்.

ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் மதுரையிலிருந்து வந்த தேர்வாளர், எண்பது என்று திட்டமிட்டுவிட்டு ஐம்பத்துமூன்று ஏன் என்று கேட்டார்.

"நாப்பத்தொம்பது பேர நானே எழுதினேன் சார். அப்புறம் எடுத்துட்டேன்."

பொன்னுராஜ் சார் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் தேர்ச்சி பெற்றாள். வகுப்பிலேயே குறைந்த மதிப்பெண் அவளுடையது.

ஐந்து மாதம் கழித்து ஜான்சி ஓர் இணைப்பை அனுப்பினாள். கட்டுரை வெளிவந்திருந்தது. ஆசிரியர் பொன்னுராஜ் மட்டும். எண்பது விவசாயிகள், பயிற்சி பெற்றவர்களுக்குப் பாதிப்பு பாதிக்கும் கீழே. பயிற்சியே போதுமானது, கூடுதல் கட்டுப்பாடு தேவையில்லை என்று முடிவுரை சொன்னது. தான் சூட்டிய பெயர்களை எல்லாம் அனுசுயாவுக்கு இன்னும் நினைவிருந்தது.

சாருக்குப் போன் செய்து அதைத் திரும்பப் பெறச் சொன்னாள். "அது முடிஞ்சு போச்சும்மா" என்று வைத்துவிட்டார். ஒரு வாரம் பொறுத்தாள். முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க அவருடைய பரிந்துரைக் கடிதம் அவளுக்குத் தேவைப்பட்டது. பிறகு இதழாசிரியருக்கு எழுதினாள். தான் பொய்யாக நிரப்பியதை முதல் வரியிலேயே சொன்னாள். நாற்பத்தொன்பது படிவங்களையும் படமெடுத்து இணைத்தாள்.

மூன்று மாதத்தில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அன்று மாலை பொன்னுராஜ் சார் அழைத்தார்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்."

"ரெண்டு தடவ சொன்னேன் சார்."

அவர் போனை வைத்துவிட்டார். பரிந்துரைக் கடிதம் வரவில்லை. அந்த வருடம் அவள் எங்கும் விண்ணப்பிக்கவில்லை. வெளியே தெரிந்தபின் ஜூனியர் மாணவர்கள் சிலர் அவளைக் காட்டிக்கொடுத்தவள் என்றார்கள். அது வலித்தது; அவளும் பொய் எழுதியவள்தான் என்பதால் மறுத்துப் பேசவும் முடியவில்லை.

மாசியில் ஒருநாள் சுருளிப்பட்டிக்குப் போனாள். ஐம்பத்துமூன்று பேரிடமிருந்து தெரிந்ததை டீக்கடை ஓரத்தில் நின்று அந்தப் பெண்களிடம் படித்துக் காட்டினாள். மாயக்காள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு அரிக்குதுன்னு எங்களுக்கே தெரியும்த்தா. மருந்தடிச்சு எத்தன நாள் கழிச்சு உள்ள போகலாம்? அது போட்டிருக்கா?" என்றாள்.

"இல்லக்கா. அத நான் கேக்கல."

ஆட்டோ வந்து நின்றது. பெண்கள் ஏறினார்கள். அனுசுயா ஒரு நிமிடம் தயங்கினாள். பிறகு ஓரத்தில் இடம் கேட்டு அவளும் ஏறிக்கொண்டு, அவர்கள் போகும் தோட்டத்தில் கடைசியாக மருந்தடித்தது எந்தக் கிழமை என்று பக்கத்தில் இருந்தவளிடம் விசாரித்தாள்.