பூஜைக்குப் போட்ட வரி

அன்று விஜயநகரின் அந்தச் சிறிய மென்பொருள் அலுவலகத்தில் இருந்தவர்கள்: முதலாளி சுரேந்தர், சீனியர் மோகனப்ரியா, தற்காலிக வேலையில் ஆறாவது மாதம் முடிக்கும் கவின்ராஜ், போனில் நஞ்சன்கூடு தொழிற்சாலை ஒன்றின் தணிக்கையாளர்.

தொழிற்சாலையின் லாகின் பக்கம் அனுப்பும் பதிலோடு ஐந்து பாதுகாப்பு ஹெடர்கள், அதாவது பிரவுசருக்கான குறிப்பு வரிகள், வரவேண்டும். ஒன்றுகூட வரவில்லை. மூன்று மணிக்குள் வராவிட்டால் ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் இல்லையென்றால் கவின்ராஜின் வேலை நிரந்தரமாகாது. சுரேந்தர் இதைக் காலையிலிருந்து நான்கு முறை சொல்லிவிட்டார்.

ஹெடர்களைச் சேர்ப்பது சர்வருக்கு முன்னால் வாயில்காப்பவன் போல நிற்கும் ப்ராக்ஸி என்ற மென்பொருளின் வேலை. கவின்ராஜ் முகப்புப் பக்கத்தைக் கேட்டுப் பார்த்தான். ஐந்தும் வந்தன. லாகின் பக்கத்தைக் கேட்டான். ஒரே ஒரு ஹெடர் வந்தது: ஆயுதபூஜை, சுபம்.

போன வாரம் கீபோர்டு, பிரிண்டர், இரண்டு ஸ்கூட்டர் எல்லாவற்றுக்கும் குங்குமம் வைத்தார்கள். சர்வர் மும்பையில் வாடகைக்கு இருக்கிறது. அதற்கு எப்படி வைப்பது? சுரேந்தர் யோசித்து, ப்ராக்ஸியின் அமைப்புக் கோப்பில் லாகின் பகுதியில் பூஜைக்கென்று ஒரு ஹெடர் வரி போடச் சொன்னார். ஒரு பகுதிக்கென்று தனியாக ஹெடர் எழுதினால், மேலே பொதுவாக எழுதியவற்றை அந்தப் பகுதிக்கு ப்ராக்ஸி சேர்க்காது.

"நீதானே போட்ட?" என்றாள் மோகனப்ரியா.

"சார் சொன்னாருங்க்கா."

"அத அவர்கிட்டயே சொல்லு குரு. உனக்கும் பூஜை போடுவாரு." கன்னட வழக்கில் கூட வேலை செய்பவனும் குருதான்.

கவின்ராஜ் சுரேந்தரிடம் போனான். "அந்த வரிய எடுத்துரலாங்களா சார்?"

"சாமிக்கு வெச்சத எடுப்பியாடா? அடுத்த பூஜை வரைக்கும் இருக்கட்டும்."

பூஜை வரிக்குக் கீழே ஐந்து வரிகளையும் மறுபடி எழுதினான். ஆறும் வந்தன. மணி இரண்டு ஐம்பது.

"ஆறாவது என்ன?" என்றார் தணிக்கையாளர்.

"எங்க கம்பெனி வழக்கம் சார்," என்றார் சுரேந்தர்.

தணிக்கையாளர் ஒப்புக்கொண்டார். ஆனால் தவறு நேர்ந்த காரணமும், செய்தவர் பெயரும் எழுத்தில் வேண்டும் என்றார். கவின்ராஜ் எழுதினான்: 'சுரேந்தர் சொன்னபடி கவின்ராஜ் சேர்த்த வரியால் நேர்ந்தது.'

சுரேந்தர் படித்தார். முதல் இரண்டு வார்த்தைகளை அழித்துவிட்டு அனுப்பினார். பத்து நிமிடத்தில் பதில் வந்தது. ஒப்பந்தம் உறுதி. கவின்ராஜ் மட்டும் அந்த வேலையைத் தொடக்கூடாது.

"நம்மகிட்ட இருக்கறதே அந்த ஒரு வேலதான்டா," என்றார் சுரேந்தர். "கார்டை வெச்சிட்டுப் போ."

மோகனப்ரியா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார்டு இல்லாமல் அந்தக் கதவு திறக்காது. ஆகவே சுரேந்தரே எழுந்து வந்து திறந்துவிட்டார். கவின்ராஜ் படியில் கால் வைத்தான். பின்னால் கதவு மூடியது, பூட்டிக்கொண்டது.