தாள் எரித்த மாலை

குவைத்தின் புழுதிக்காற்று மகளுக்கு ஆகவில்லை என்றுதான் முபீனா அவளைக் கூட்டிக்கொண்டு ஊர் திரும்பினாள். கடலூரில் தெற்குக் காற்று அடிக்கும் மாதங்களில் தொழிற்சாலை நாற்றம் வருமென்று பயந்து, சிதம்பரத்துக்கு வெளியே வயலோரமாய் வீடு பிடித்தாள்.

தை அறுவடை முடிந்த ஒரு மாலையில் பக்கத்து வயலில் அறுத்த நெல்லின் தாளைக் கொளுத்தினார்கள். ஜன்னல்களை அடைத்தும் புகை உள்ளே வந்தது. மகள் ருக்சானாவுக்கு இழுப்பு கண்டுவிட்டது. நெஞ்சு குழியக் குழிய மூச்சுக்குத் தவித்தது பிள்ளை. முபீனா இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினாள். உதடு நீலம் பாரிக்கிறதா என்று குனிந்து குனிந்து பார்த்தாள்.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, நெபுலைசர் வைத்த பிறகுதான் இழுப்பு அடங்கியது. குவைத்திலிருந்து கணவன் யாசர் போனில் கேட்டான்.

“இங்கயே வந்துடுறியா?”

“அங்க புழுதி ஜாஸ்தி, மச்சான். இப்ப வாடைக்காத்துதான அடிக்குது, கடலூர்ல நாத்தம் இருக்காது. மஞ்சக்குப்பத்துல உங்க அக்கா வூட்டுக்குப் போறேன்.”

“காத்து திரும்புனா?”

“இங்க சிதம்பரத்துக்கே வந்துடுவோம். அதுக்குள்ள எரிச்சி முடிச்சிருப்பாங்க.”

சொல்லிவிட்டாளே தவிர, மனசு ஆறவில்லை. மறுநாள் கடலூர் பஸ்ஸில் மகளை மடியில் சாய்த்து, நெஞ்சு ஏறி இறங்குவதைத் தொட்டுப் பார்த்தபடியே போனாள்.