நடு மேசை

கடையின் முன்பக்கம் அண்ணன், பின்பக்கம் தம்பி. வருகிறவர்களிடம் பேசுவது அண்ணன் வேலை. பழுதான கம்ப்யூட்டர்களைப் பிரித்து மேய்வது தம்பி வேலை. இருவரும் முகம் கொடுத்துப் பேசி வருஷக்கணக்காகிறது. எதற்குச் சண்டை என்று கேட்டால் இருவருமே திருதிருவென்று விழிப்பார்கள். வீம்புக்கு மட்டும் குறைச்சலில்லை. எல்லாப் பேச்சும் நடு மேசையில் கணக்குப் பார்த்த அண்ணி வழியாகத்தான். "அந்த மனுஷனுக்கு அறிவிருக்கா?" என்று தம்பி எரிந்து விழுந்தால், "கொஞ்சம் டைம் வேணுமாம்ங்க" என்று முன்பக்கம் சொல்லிவிடுவாள்.

போன மாதம் அண்ணி இறந்துபோனாள். தம்பி அழவில்லை. கல்லுளிமங்கன் என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவனுக்கு அதுவும் உறைக்கவில்லை, உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. கடையைத் திறந்தார்கள், வேலையைப் பார்த்தார்கள்.

இன்று காலை ஒரு டீச்சர் தன் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார். பின்பக்கம் ஒரு வார்த்தை கேட்காமல், "சாயங்காலம் வாங்க, ரெடியாயிடும்" என்று அண்ணன் வாக்குக் கொடுத்து அனுப்பிவிட்டான்.

தம்பி பிரித்துப் பார்த்தான். ஃபேன் ஓடியது. ப்ராசஸர் நன்றாக இருந்தது, அதனோடு நேராகப் பேசும் மெமரியும் நன்றாக இருந்தது. ஆனால் டிஸ்க், கீபோர்டு, நெட்வொர்க் எல்லாம் ப்ராசஸரிடம் போய்ச் சேர வேண்டிய வழி சிப்செட். அது செத்துவிட்டது. எல்லாம் உயிரோடு இருந்தும் ஒன்று சொல்வது இன்னொன்றுக்கு எட்டவில்லை.

"அண்ணி, சிப்செட் போயிடுச்சு. போர்டையே மாத்தணும். இன்னிக்கு ஆகாதுன்னு டீச்சருக்கு போன் பண்ணச் சொல்லுங்க."

சொன்ன பிறகுதான் காலி நாற்காலியைப் பார்த்தான்.



"அவங்க ஃபைலெல்லாம் போயிடுமான்னு கேளு" என்றான் அண்ணன், அதே நாற்காலியைப் பார்த்து.

"போகாது, அண்ணி. டிஸ்க் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லுங்க."

அண்ணன் போனை எடுத்து டீச்சரை அழைத்தான். பாதியில் போனைக் கையால் மூடிக்கொண்டு, "எப்ப ஆகும்னு..." என்று நாற்காலிப் பக்கம் ஆரம்பித்து நிறுத்தினான். பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்தான்.

"நாளைக்கு முடிச்சிடுவியா?"

"முடிச்சிடறேன்."

அண்ணன் திரும்பிக்கொண்டு டீச்சரிடம் பேசினான்.

அண்ணி இனி வரமாட்டாள் என்பது அப்போதுதான் தம்பிக்கு உறைத்தது. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டு அழுதான்.