லிசி கேட்ட நோட்டீஸ்

தென்னூரில் எங்கள் வீட்டுக்கு எதிரே பஷீர் அகமதுவின் வெல்டிங் பட்டறை. பாதிப் பட்டறை சாக்கடையின் மேலே நிற்கிறது. மழை பெய்தால் தண்ணீர் போக வழியில்லாமல் எங்கள் ஹாலுக்குள் வந்துவிடும். என் மனைவி லிசி மாநகராட்சிக்கு மனு மேல் மனு கொடுத்து அலுத்துப்போனாள். அதனால் அன்று காலை ஜேசிபி வந்து நின்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

"வந்துட்டாங்க லிசி!" என்று கத்தினேன்.

பஷீர் வண்டியோடு வந்திருந்த மாநகராட்சி அதிகாரியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெஷினையாவது எடுத்திருப்பேனே சார்." அதிகாரி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

லிசி நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று தெருவில் இறங்கினாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து அதிகாரி முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"உங்க மனுதாங்க மேடம். இப்பவே இடிச்சுடறோம்."

"அவருக்கு நோட்டீஸ் குடுத்தீங்களா?"

"மேலேயிருந்து உடனே எடுக்கச் சொல்லிட்டாங்க மேடம்."

"யார் வேணா சொல்லட்டுங்க. நோட்டீஸ் குடுத்து, அவர் பக்கத்தையும் கேட்டுட்டுத்தான் கை வைக்கணும். அரசியல் சட்டம் உங்களுக்கும் சேர்த்துதானே சார்?"

"உங்களுக்கு நல்லதுதானே செய்யறோம்!"

"எனக்கு நல்லதுங்கறதுக்காக முறை தவறலாமா? நாளைக்கு இதே வண்டி என் வாசல்ல நின்னா நான் யார்கிட்ட போய்க் கேக்கறது?"

சொல்லிவிட்டு ஜேசிபிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பைத்தியமா உனக்கு? அடுத்த மழைக்கு யாரு தண்ணி இறைக்கறது?"

"நாமதான்" என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

துண்டை இறுக்கிப் பிடித்தபடி அந்தப் பெரிய வண்டிக்கு எதிரே அவள் தனியாக நிற்பதை அப்போதுதான் பார்த்தேன். என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. போய் அவள் பக்கத்தில் நின்றேன். இப்படி ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறேன் என்று பெருமையாக இருந்தது. அதிகாரி யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் வண்டியைத் திருப்பச் சொன்னார்.

பிறகு பஷீருக்கு முறைப்படி நோட்டீஸ் வந்தது. ஆனால் விசாரணைக்கு முன்பே மழை வந்துவிட்டது. நாங்கள் ஹாலில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தபோது பஷீர் ஒரு வாளியோடு உள்ளே வந்தார். முழங்கால் அளவுத் தண்ணீரில் மிதந்த எங்கள் செருப்புகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"இவ்வளவு வரும்னு எனக்குத் தெரியாதும்மா. விசாரணையில நான் என்னத்தைச் சொல்ல?"

"உங்க பொழைப்பைச் சொல்லுங்க. நான் என் ஹாலைச் சொல்றேன்" என்றாள் லிசி. "பட்டறையை எடுக்கணும்னுதான் பேசுவேன், பாத்துக்குங்க."

பஷீர் தலையாட்டிவிட்டு, குனிந்து தண்ணீரை மொள்ளத் தொடங்கினார்.